பிள்ளையைத் திருப்பித் தரும் கை

நம் நாட்டில் குரங்கு செய்தியில் வருகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளியாகத்தான் வரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை மின் உபநிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிரை நாசமாக்கும் விலங்குகளை எண்ணுவதற்காக நாடெங்கும் மக்கள் ஐந்து நிமிடம் தங்கள் வளவுகளில் நின்றார்கள். யாழ்ப்பாண நகரத்தில் உள்ள எங்கள் சின்ன வளவிலும் வாப்பாவும் நானும் நின்றோம். ஓர் அணிலும் நாலைந்து காகங்களும் வந்தன. குரங்கின் கணக்கு பூச்சியம். தென்மராட்சியில் தென்னங்காணி வைத்திருக்கும் வாப்பாவின் கூட்டாளியோ, "எனக்கு எண்ண விரல் காணாது" என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

எத்தனை குரங்குகள் என்று எண்ணுவது அவசியம்தான். தேங்காயை இழந்தவரின் கவலை உண்மையானது. ஆனால் அவை எப்படி வாழ்கின்றன, குறிப்பாக ஒரு தாய் தன் பிள்ளையோடு முதல் நாட்களை எப்படிக் கடக்கிறாள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் நான் பாடத்துக்காகவே இதை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அது எங்கள் வீட்டுக் கதையாகவும் மாறியது. ஏனென்றால் அதே மாதங்களில்தான் எங்கள் ராத்தாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது.

இலங்கைக் காடுகளில் மூன்று வகைத் தாய்மார் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். முதலாமவள் தேவாங்கு. வன்னிப் பக்கத்துக் காடுகளில் இரவில் மட்டும் நடமாடும் சிறிய உயிர். உள்ளங்கையில் அடங்கும் உடலும் பெரிய வட்டக் கண்களும் உடையது. பிறந்த குட்டியை முதல் சில வாரங்கள் வயிற்றோடு சுமக்கும். பிறகு அந்தி சாய்ந்ததும் ஒரு கிளையில் அதை விட்டுவிட்டுப் பூச்சி தேடிப் போகும். விடியுமுன் வந்து எடுத்துக்கொள்ளும். குட்டி அந்தக் கிளையைப் பற்றிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். கூட்டத்து ஆண்கள் சில வேளை வந்து எட்டிப் பார்ப்பதும் குட்டியோடு விளையாடுவதும் உண்டு. ஆயினும் சுமப்பதும் ஊட்டுவதும் தாய் ஒருத்தியின் வேலை.

மற்ற இரண்டு தாய்மாரையும் நான் ஒரே நாளில், ஒரே இடத்தில் பார்த்தேன். கல்விச் சுற்றுலாவாகப் பொலன்னறுவைக்குப் போயிருந்தோம். இடிந்த செங்கற் சுவர்களுக்கு இடையே இரண்டு இனங்கள் அருகருகே திரிந்தன. ஒன்று சாம்பல் நிற உடலும் கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தி. மற்றது, தலையில் தொப்பி வைத்ததுபோல் மயிர் வளர்ந்த செங்குரங்கு. செங்குரங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை, இலங்கையில் மட்டுமே வாழ்கிறது.

மந்திக் கூட்டத்தில் ஒரு புதுப் பிள்ளை இருந்தது. பெரிய மந்திகள் சாம்பல் நிறம், பிள்ளையோ கருமை. தூரத்திலிருந்தே கண்ணில் படும். அது ஒருத்தியின் மடியில் இருந்தது. இன்னொருத்தி வந்து கையை நீட்டி வாங்கினாள். சற்று நேரத்தில் இன்னும் சின்னவள் ஒருத்தி, அவளும் பிள்ளைதான் என்று சொல்லலாம், இழுத்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் வகுப்பு முழுவதும் "ஐயோ" என்று கத்தியது. அப்போதுதான் அதுவரை ஒரு பக்கமாக இருந்து இலை தின்றுகொண்டிருந்த மந்தி எழுந்து வந்து பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தது. "அதுதான் தாய்" என்றார் எங்கள் ஆசிரியை. சின்னவள் எதிர்க்கவும் இல்லை, தாய் அடிக்கவும் இல்லை.

செங்குரங்குத் தாயைப் பார்க்க அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. பிள்ளை வயிற்றோடு ஒட்டியிருந்தது. இன்னொரு பெண் அருகில் வந்து அமர்ந்தவுடன் அந்தத் தாய் பிள்ளையின் காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

இரண்டும் குரங்குதானே, ஏன் இந்த வித்தியாசம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன். ஆசிரியை சில புத்தகங்களின் பெயர்களைச் சொன்னார். அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

1950களின் கடைசியில் ஃபிலிஸ் ஜே என்ற அமெரிக்கப் பெண்மணி இந்தியாவுக்கு வந்து, மந்திகளைக் காட்டிலும் கிராமத்து ஓரங்களிலும் பின்தொடர்ந்தார். பிறந்து சில மணி நேரத்திலேயே பிள்ளை கைமாறத் தொடங்கிவிடுவதை அவர் எழுதினார். 1970களில் சாரா பிளாஃபர் ஹர்டி என்ற இன்னோர் ஆய்வாளர் ராஜஸ்தானின் அபு மலையில் அதையே இன்னும் நுணுக்கமாகக் கவனித்தார். முதல் நாட்களில் பகல் நேரத்தின் பாதி வரைகூட ஒரு மந்திப் பிள்ளை தாயல்லாத பெண்களிடம் இருக்கக்கூடும் என்று அவர் கண்டார்.

தாய் ஏன் கொடுக்கிறாள்? அந்த நேரத்தில் அவள் சாப்பிடுகிறாள். பெற்ற உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, பாலும் ஊறுகிறது. பிள்ளையைப் பலரும் பகிர்ந்து சுமக்கும் இனங்களில் பிள்ளைகள் விரைவாக வளர்கின்றன என்று பல இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். வாங்குகிறவளுக்கும் பயன் இருக்கிறது. இன்னும் பெறாத இளம் பெண்களே பிள்ளைக்கு அதிகம் ஆசைப்படுகிறார்கள். தலைகீழாகப் பிடித்த அந்தச் சின்னவள் அப்படிப் பிடித்துப் பிடித்தே சரியாகப் பிடிக்கப் பழகுவாள்.

ஆனால் இவையெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. தாய் வேண்டும் என்று நினைத்தபோது பிள்ளை திரும்பி வரவேண்டும். மந்திக் கூட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தியைக் கண்டு இன்னொருத்தி நடுங்கும் வழக்கம் அங்கே குறைவு. ஆகவே தாய் எழுந்து போனால் பிள்ளை கிடைத்துவிடும். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் கொடுக்கிறாள்.

செங்குரங்கின் வீடு வேறு மாதிரியானது. வூல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இல் பொலன்னறுவைக்கு வந்து தொடங்கிய ஆய்வு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ஒவ்வொரு குரங்கையும் முகத்தைக்கொண்டு அடையாளம் கண்டு, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்தார்கள். அங்கே படிநிலை கடுமையானது. உயர்ந்தவளின் மகள் பிறக்கும்போதே உயர்ந்தவள். தாழ்ந்தவளின் மகள் பிறக்கும்போதே தாழ்ந்தவள். உயர்நிலைக் குரங்கு வந்தால் தாழ்நிலைக் குரங்கு மரத்தைவிட்டு இறங்க வேண்டும். வாய்க்குள் கன்னப்பையில் ஒதுக்கிய உணவைக்கூட மேல்நிலைக் குரங்கு விரலைவிட்டு எடுத்துத் தின்னும், கீழ்நிலைக் குரங்கு அசையாமல் இருக்கும் என்று டிட்டஸ் எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்தில் முதலில் சாவது தாழ்ந்தவர்களின் பிள்ளைகள். 2015இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'மங்கி கிங்டம்' என்ற படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பொலன்னறுவைக் குரங்குகளின் படம். மாயா என்ற தாழ்நிலைத் தாயும் அவளுடைய மகனும்தான் அதன் கதை.

அப்படிப்பட்ட கூட்டத்தில் மேல்நிலைப் பெண் ஒருத்தி வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன நடக்கும்? செங்குரங்கின் நெருங்கிய உறவு தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் நாட்டுக் குரங்கு. கூண்டில் வாழ்ந்த அந்த இனக் குரங்குகளை அமெரிக்காவில் கவனித்த ஜோன் சில்க் என்ற ஆய்வாளர், உயர்நிலைப் பெண்கள் தாழ்நிலைத் தாய்மாரின் பிள்ளைகளைப் பறித்து வைத்துக்கொள்வதைப் பற்றி 1980இல் எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் பிள்ளை கடத்தல். பறித்தவள் பிள்ளையை அடிப்பதில்லை, அணைத்துத்தான் வைத்திருப்பாள். பேன்கூடப் பார்ப்பாள். ஆனால் அவளிடம் பால் இல்லை. தாய் கொஞ்சத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். கிட்டப் போய் எடுக்க அவளுக்குத் துணிவில்லை. இந்தக் குடும்பத்து இனங்களில் இப்படிப் பசியால் பிள்ளைகள் மெலிவதும் இறப்பதும் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் பால் இருந்தும் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயை அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் பார்த்திருந்தேன்.

ராத்தாவின் மகள் பிறந்த ஐந்தாம் நாள் அது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆட்கள் வருவது நமக்கெல்லாம் சந்தோஷம். சரக்கு அரைத்த பத்தியக் கறி வாசனை, முன்வாசலில் செருப்புக் கூட்டம், தேத்தண்ணி ஊற்றி ஊற்றி ஓயாத உம்மா. வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள், முகத்தில் முகம் வைத்தார்கள், தொலைபேசியில் படம் எடுத்தார்கள். மச்சான் வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் வைத்தார். நல்லவர், எங்கள் எல்லாருக்கும் மரியாதையானவர். பிள்ளை அழுதது. "பசியில்லை, வயித்துக் குத்து" என்று சொல்லித் தோளில் போட்டுத் தட்டினார். இன்னும் அழுதது. "இப்ப இப்பவே தாயிட்டக் குடுத்துப் பழக்கினா பிறகு ஒருத்தரிட்டயும் நிக்காது" என்றார்.

ராத்தா அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் போட்ட உடம்பு. பிள்ளையின் குரலைக் கேட்டு அவளுடைய சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் வரை படித்தவள், வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிறவள், அந்த வீட்டுப் பெரியவரிடம் "பிள்ளையைத் தாங்கோ" என்று கேட்க முடியாமல் நின்றாள்.

உம்மம்மா அப்போது முற்றத்தில் இருந்தார். எழுபதை நெருங்கிய வயது. அழுகையைக் கேட்டு உள்ளே வந்தார். கோபப்படவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, "பால் நேரம், மகள். குடிச்சிட்டு வரட்டும். பிறகு நீங்களே வச்சிருங்கோ" என்றார். அவர் உடனே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ராத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பத்து நிமிடம் கழித்து நான் உள்ளே போனபோது பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது, ராத்தா அழுதுகொண்டிருந்தாள்.

அந்த அழுகை அன்றோடு முடியவில்லை. அடுத்த வாரமும் இரவில் அழுதாள். பிள்ளை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. "நான் நல்ல உம்மா இல்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு ராத்தாவிடம்தான் அதிக நேரம் பேசினார். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். பெற்ற முதல் நாட்களில் மனம் கலங்குவது மிகவும் சாதாரணம், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் சரியாகும், அதற்கு மேலும் நீடித்தால் அது நோய், வைத்தியரிடம் போக வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பெற்ற பெண்களில் உலக அளவில் நூற்றுக்கு 13 பேருக்கும், நம்மைப் போன்ற வளர்முக நாடுகளில் ஏறக்குறைய 20 பேருக்கும் பெரும்பாலும் மனச்சோர்வாகிய ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது ஐந்து வீட்டில் ஒரு வீடு. ஆனால் எந்த வீட்டிலாவது அதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோமா? "பிள்ளை ஆரைப் போல?" என்று கேட்கிறோம். "தாய் நித்திரை கொண்டாளா?" என்று கேட்பவர் குறைவு.

அன்றிரவு உம்மம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குரங்குகளைப் பற்றி வாசித்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கு அது தெரியும் புள்ள" என்றார். பிறகு, நான் முன்பு துண்டு துண்டாக மட்டும் கேட்டிருந்த ஒரு கதையை முழுதாகச் சொன்னார்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் சில மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்ட நாள். உம்மம்மாவுக்கு எங்கள் சின்ன மாமா பிறந்து அன்று பதினெட்டாம் நாள். நாற்பது முடியாத உடம்பு. எங்கள் உம்மாவுக்கு எட்டு வயது. இன்னும் இரண்டு பிள்ளைகள். லொறியில் ஏறி, இறங்கி, நடந்து, மழையில் நனைந்து, மறுபடியும் ஏறிப் போன பயணம் அது. உம்மம்மாவால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பக்கத்தில் நடந்த பெண் ஒருத்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கை வலித்தபோது இன்னொருத்தி. பிறகு ஓர் இளைஞன் தன் சாரத்தை மடித்து அதில் பிள்ளையைக் கட்டிச் சுமந்தான். கூட்டத்தில் சில நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"பயமா இருக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா புள்ள, ஒவ்வொரு முறையும் அவன் பசிச்சு அழுதா ஆரோ ஒரு கை கூட்டத்துக்குள்ளால வந்து அவனை என்ர மடியில வச்சிட்டுப் போகும். ஒருத்தரும் மறக்கேல்ல. ஆர் ஆர் தூக்கினதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. வீடு போச்சு, நகை போச்சு. என்ர பிள்ளை ஒவ்வொரு நேரப் பாலுக்கும் என்னட்ட வந்திச்சு."

புத்தளத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் நாற்பதை முடித்தார் உம்மம்மா. சின்ன மாமாவுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. உம்மம்மா அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விதி: பிள்ளையை ஆரும் தூக்கலாம், பசித்து அழுதால் தாயிடம் வரவேண்டும். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டு முன்னறையில் அவர் நீட்டிய கை அந்தப் பழைய விதியின் கை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிள்ளையைச் சுமப்பதில் மட்டுமல்ல, பெறுவதிலும் துணை தேவைப்படுவது மனித இனத்துக்கு மட்டும் உரியதா என்று ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். குரங்குகள் பெரும்பாலும் இரவில் பெறுகின்றன. ஆகவே கண்டவர்கள் குறைவு. சீனாவின் யுன்னான் மலைக்காட்டில், கறுப்பு வெள்ளைச் சப்பை மூக்குக் குரங்கு ஒன்று பகலில் பெற்றதைப் பற்றி 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. முதல் பேறு, தாய் கத்திக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பெற்றுப் பழகிய இன்னொருத்தி கிட்ட வந்து, வெளியே தெரிந்த பிள்ளையைக் கையால் இழுத்து எடுத்தாள். பிறகு அதைத் தாய் வாங்கிக்கொண்டாள். பொனோபோ என்ற வாலில்லாக் குரங்குகளின் பேறுகள் மூன்றைக் காப்பகங்களில் பார்த்த ஆய்வாளர்கள், மற்றப் பெண்கள் தாயைச் சுற்றிக் காவல்போல் நின்றதையும், பிள்ளை விழாதபடி கையை நீட்டியதையும் 2018இல் எழுதினார்கள்.

மனிதத் தாய்க்குத் துணை இன்னும் அவசியம். நிமிர்ந்து நடப்பதற்கு ஏற்ற குறுகிய இடுப்பு, பெரிய தலையுள்ள பிள்ளை; பிறக்கும்போது பிள்ளையின் முகம் பெரும்பாலும் தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் தானே குனிந்து பிடித்து எடுப்பது அவளுக்குக் கடினம். கேரன் ரோசன்பர்க், வெண்டா டிரெவாதன் என்ற இரு பெண் மானிடவியலாளர்கள் இதைக் காட்டி, மருத்துவிச்சியின் தொழில் மனித இனத்தின் மிகப் பழைய தொழில்களில் ஒன்றாக இருக்கவேண்டும் என்றார்கள். அபு மலையில் மந்திகளைப் பார்த்த ஹர்டி 2009இல் தாய்மாரையும் மற்றவர்களையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இவ்வளவு மெதுவாக வளரும் பிள்ளையைத் தாய் ஒருத்தி தனியே வளர்த்திருக்க முடியாது, பாட்டி, சாச்சி, அக்கா, தகப்பன் என்று பல கைகள் சேர்ந்ததால்தான் நம் இனம் பிழைத்தது என்பது அவருடைய வாதம்.

அதற்காக மந்திகளின் வீட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஓர் ஆண் மந்தி வந்து கூட்டத்தைக் கைப்பற்றும்போது பால்குடிப் பிள்ளைகளைக் கொல்வதுண்டு. 1960களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வாரில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானியர் இதைப் பதிவு செய்தார்; அபு மலையில் ஹர்டியும் கண்டார். ஆனால் அங்கேயும் ஒன்றை அவர் எழுதினார். அந்த ஆணை எதிர்த்துப் பாய்ந்து பிள்ளையை மீட்க முயன்றவர்களில் முன்னே நின்றது பெறும் வயதைக் கடந்த கிழட்டு மந்திகள். தங்களுக்கென்று கைப்பிள்ளை இல்லாதவர்கள். அதை வாசித்தபோது எனக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் பழந்தமிழர் இதைப் பார்த்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 69ஆம் பாடலில், துணையை இழந்த ஒரு மந்தி மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அதற்கு முன் அது செய்யும் கடைசிக் காரியம், மரமேறவும் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைப்பது. மந்தி துக்கத்தால் உயிர்விடுமா என்று உயிரியல் கேட்கலாம். ஆனால் மந்திப் பிள்ளைக்குச் சுற்றம் ஒன்று உண்டு, அதை நம்பிக் கொடுக்கலாம் என்பதை அந்தப் புலவர் கண்டு எழுதியிருக்கிறார்.

நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றையும் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். ஆற்றில் விடப்பட்ட பிள்ளை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கைகளுக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. ஆனாலும் பிள்ளை எவரிடமும் பால் குடிக்கவில்லை. தூரத்திலிருந்து பின்தொடர்ந்த சகோதரிதான் வழி சொன்னாள். தாயின் கண் குளிர, பிள்ளை தாயிடமே திரும்பி வந்தது. அந்தச் சகோதரி செய்தது பெரிய வீரச்செயல் ஒன்றுமில்லை. பிள்ளையின் மேல் கண் வைத்திருந்தாள்; சரியான நேரத்தில் ஒரு சொல் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்குத் தரப்பட்டது. உம்மம்மாதான் நியமித்தார். நாற்பது நாளும், பாடசாலை விட்டு வந்ததும், பிள்ளை யார் மடியில் இருந்தாலும் நான் கிட்ட உட்காருவேன். கையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினாலே போதும், "பால் நேரம்" என்று கையை நீட்டுவேன். முதல் இரண்டு நாள் எனக்கும் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒருவரும் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிறாள் என்று சிரித்துக்கொண்டே தந்தார்கள். ராத்தா கேட்டிருந்தால் 'மருமகள் தரவில்லை' என்றாகியிருக்கும். நான் கேட்டால் அது வெறும் பால் நேரம். மச்சானும் இரவில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். பிள்ளை குடித்து முடித்ததும் தோளில் போட்டு முற்றத்தில் நடப்பார், ராத்தா தூங்குவாள். மூன்றாம் கிழமையில் ராத்தாவை உம்மா வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனார். மெல்ல மெல்ல அவள் முகம் தெளிந்தது. நாற்பதாம் நாள் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, பிள்ளையை அவளே கொண்டுவந்து என் மடியில் வைத்து, "கொஞ்சம் வச்சிரு, நான் தலை முழுகிட்டு வாறன்" என்றாள். அரை மணி நேரம் வரவில்லை. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது.

மச்சான் வீட்டுப் பெரியவரைப் பற்றியும் ஒரு சொல் எழுதாவிட்டால் நியாயமில்லை. அவர் பறிக்க வந்தவர் அல்லர். பேத்திமேல் ஆசைப்பட்டு வந்தவர். இப்போது அவர் வரும்போது பிள்ளை சிணுங்கினாலே எழுந்து நேரே ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அதனாலேயே ராத்தாவும் இப்போது பயமில்லாமல் அவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறாள். பொலன்னறுவையில் இலை தின்றுகொண்டிருந்த அந்த மந்தித் தாயும் இப்படித்தான் நிம்மதியாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை வாசிக்கும் தோழிகளில் பலருக்கு இன்னும் சில வருடங்களில் ராத்தாக்களின் பேறு, பிறகு தங்கள் பேறு. பெற்றோர்களில் பலர் ஏற்கெனவே பாட்டன் பாட்டிகள். பேற்று வீட்டுக்குப் போகாதீர்கள், பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் தாய் தேவாங்கைப் போலத் தனித்துப் போவாள். போங்கள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்குங்கள். தாய் குளிக்கட்டும், சாப்பிடட்டும், ஒரு மணி நேரம் தூங்கட்டும். ஆனால் பிள்ளை வாயைத் திறந்து தேடத் தொடங்கினால், தாய் வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே எழுந்து கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவள் நேற்றிரவு தூங்கினாளா என்றும் கேளுங்கள்.